விரிசலை மூடிய இழை

விமான எஞ்சினுக்குள் நெருப்பு எரியும் அறை. அதன் சுவர் பீங்கான். பீங்கானுக்குள் ஓடிய இழைதான் சுவரை இழுத்துப் பிடித்திருந்தது.

சூடு ஏறி ஏறி இறங்கியதில் பீங்கானில் ஒரு விரிசல் விழுந்தது. அதன் வழியே, எரிபொருள் எரிந்து கிளம்பிய சூடான நீராவி புகுந்து இழையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது.

அன்று எஞ்சின் நின்றது. பரிசோதகர் ஜெபராஜ் விளக்கோடு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அக்கா, பிடியைக் கொஞ்சம் தளர்த்து. விரிசல் அவர் கண்ணுல படட்டும்" என்று கெஞ்சியது பீங்கான்.

"சும்மா இரு. நம்ம வீட்டு ஓட்டையை ஊருக்கா காட்டுறது?" என்றது இழை.

"நீ பாதியா தேஞ்சுட்டியேக்கா!"

"எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கேன்."

இழை மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தது. விரிசலின் உதடுகள் ஒட்டிக்கொண்டன. ஜெபராஜ் விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை.

"பாத்தியா?" என்றது இழை, பெருமையாக.

ஜெபராஜ் வெளியே நின்ற அதிகாரியிடம் திரும்பிக் குரல் கொடுத்தார். "சுவர் கல்லு மாதிரி இருக்கு சார். நாளைக்கு இன்னும் சூட்டை ஏத்தலாம்."

"அக்கா, அவர் இன்னும் போகல. இப்பவாவது விடேன்!"

இழை பிடியை மேலும் இறுக்கியது. இழைக்குள் ஒரு நூல் அறுந்த சத்தம் பீங்கானுக்கு மட்டும் கேட்டது.