அப்பா செய்த வாஷிங் மெஷின்

"கேக்கை அவரேதான் செய்யணும். கடையில வாங்கினதோ, வேற யாராவது செஞ்சு கொடுத்ததோ என் வீட்டுக்குள்ள வரக் கூடாது. உங்க பிள்ளைகிட்ட சொல்லிடுங்க."

மருமகள் கறாராகச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

பெரியவர் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுச் சோபாவைப் பார்த்தார். பிள்ளை படுத்தபடியே தன் போனைத் தடவிக்கொண்டிருந்தான். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனி வீடு பார்த்துப் போய் ஒரு வருஷம் ஆகிறது.

"கேட்டுச்சா? நாளைக்குப் பாப்பாவுக்குப் பிறந்தநாள்."

"கேட்டுச்சு. வேணும்னே பண்றாப்பா. எனக்கு எங்க கேக் செய்ய வரும்?"

"வாஷிங் மெஷின் மாதிரி கேக் வேணும்னு அது உன்கிட்டதானே கேட்டுது? நீதானே சரி சரின்னே?"

"அதையா? அது ஏதோ விளையாட்டுக்குச் சொல்லுதுன்னு நினைச்சேன். காலையில பார்க்கலாம்ப்பா."

காலை வந்தது. பார்க்கத்தான் ஆள் இல்லை. அவசர வேலை என்று கிளம்பிப் போய்விட்டான்.

பேத்திக்கு வாஷிங் மெஷின் என்றால் உயிர். அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, துணி சுற்றுவதை டி.வி. பார்ப்பது போலப் பார்க்கும். விளையாட்டா அது?

பஸ் கண்டக்டராக நின்று நின்றே தேய்ந்துபோன முழங்கால்களோடு, பெரியவர் அடுப்படியில் நின்றார்.

முதல் கேக் நடுவில் குழி விழுந்தது. இரண்டாவது கருகியது. மூன்றாவதைச் சதுரமாக நறுக்கி அடுக்கி, வெள்ளை கிரீம் பூசினார். வெள்ளையடித்த பழைய சுவர் மாதிரிதான் வந்தது. கதவுக்கு நீல ஜெல்லியில் ஒரு வட்டம். அதற்குள் சர்க்கரை மாவில் குட்டிச் சட்டை, குட்டிப் பாவாடை, சிவப்பாக ஒரு சாக்ஸ். ஜோடி சாக்ஸ் செய்யத் தெம்பில்லை.

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் டிரைவரை மனசுக்குள் திட்டினார்.

மருமகள் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"அவர் வரலையா?"

"வேலைம்மா. விடிகாலையிலயே எழுந்து செஞ்சு வச்சுட்டுப் போனான்."

"யாரு, அவரா? சுடுதண்ணி வச்சாலே பாத்திரத்தைத் தீய விடற மனுஷன்!"

"கத்துக்கிட்டான்மா. பாப்பாவுக்காக."

"எத்தனை முட்டை போட்டாராம்?"

பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினால் அவருக்கு நெஞ்சு இப்படித்தான் அடித்துக்கொள்ளும். அப்போதாவது கையில் கணக்கு சரியாக இருந்தது.

"நாலு... நாலுன்னு சொன்னான்."

"எவ்வளவு நேரம் வெந்துச்சாம்?"

"முக்கால் மணி நேரம். அந்த ஓவன் ஒரு பக்கம்தாம்மா சுடும். கையை விட்டுத் திருப்பித் திருப்பி வைக்கலைன்னா..."

சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

அவள் பெட்டியைப் பிடித்திருந்த அவர் கையையே பார்த்தாள். மணிக்கட்டில் ஒரு கொப்புளம், இன்னும் சிவப்பு மாறாமல்.

போச்சு என்று நினைத்தார். பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போவதுகூடப் பெரிதில்லை. 'உங்கப்பா மறந்துட்டாரு' என்று இவள் குழந்தையிடம் சொல்வாளே, அதுதான் பெரிது.

அதற்குள் அம்மாவின் கைக்கு அடியில் புகுந்து, பேத்தி பெட்டி மூடியைத் தூக்கிப் பார்த்தது.

"ஐ! வாஷிங் மெஷின்! அப்பாவா செஞ்சாங்க?"

பெரியவர் தரையைப் பார்த்தார்.

"ஆமாடா கண்ணு," என்றாள் மருமகள். "நீ ஆசைப்பட்டியே, அதான்."

"ஒரு சாக்ஸ்தான் இருக்கு!"

"நம்ம மெஷின்ல மட்டும் ரெண்டாவா திரும்பி வருது?"

குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது. பெட்டி கை மாறியது. பேத்தி அவர் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தது.

"தாத்தா, அப்பாகிட்ட தேங்க்ஸ் சொல்லிடு. மறந்துடாத." கன்னத்தில் ஈரமாக ஒரு முத்தம் வைத்தது. "இதையும் அப்பாகிட்ட கொடுத்துடு."

"கொடுத்துடறேன்மா."

மெழுகுவத்தி தேடிக் குழந்தை உள்ளே ஓடியது. பெரியவர் வலிக்கிற முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியில் கால் வைத்தார்.

"மாமா."

திரும்பிப் பார்த்தார்.

"பாப்பா கொடுத்ததை எங்கயும் எடுத்துட்டுப் போக வேண்டாம். சேர வேண்டியவருக்குச் சேர்ந்தாச்சு." மருமகள் கதவை முழுசாகத் திறந்தாள். "உள்ள வாங்க. முதல்ல அந்தக் கைக்கு மருந்து போடணும்."