அடுப்படிக் கோடு

கபடிப் பிள்ளை இருக்கும் வீட்டில் தரையில் கோடு போடக்கூடாது என்று அகாடமியில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். ஐந்து வயதில் அங்கே பிடரிக்குள் கணினிச் சில்லு வைத்ததிலிருந்து துளிருக்கு வருஷம் முழுக்க, தூக்கத்தில்கூட, அந்த ஒரே ஆட்டம்தான். இப்போது அவளுக்குப் பத்து வயது.

அன்று அவள் அம்மா பவானி அதை மறந்துவிட்டாள். அடுப்பில் குக்கர் இருந்தது. துளிர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு வயதுத் தம்பி முகில் அடுப்படிக்குள்ளேயே ஓடி ஓடி வந்தான். பவானி அவனை வெளியே நிறுத்தி, அடுப்படி வாசற்படியருகே சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தாள்.

"இதத் தாண்டி வரக்கூடாது, தங்கம்."

அவன் சிரித்துக்கொண்டே தாண்டினான்.

துளிர் தட்டை உதறிவிட்டுப் பாய்ந்தாள். தம்பியின் கணுக்காலைப் பிடித்து முறுக்கித் தரையோடு அழுத்தினாள். எலும்பு முறிந்தது பவானிக்குக் கேட்டது.

"விடுடீ, அவன் உன் தம்பிடீ."

பவானி அவள் விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள், கன்னத்தில் அறைந்தாள், கடைசியில் மணிக்கட்டைக் கடித்தாள். ரத்தம் வந்தது. பிடி தளரவில்லை. முகிலின் அலறல் விக்கலாகத் தேய்ந்தது.

குக்கர் விசில் அடித்தது.

துளிர் உடனே விட்டுவிட்டாள். மூச்சு வாங்க எழுந்து நின்று, ரத்தம் வழியும் கையை உயர்த்தினாள்.

"பாயிண்ட் நமக்குத்தானம்மா?"