ஏழு தட்டுக் கத்திரி

பிற்பகல் வெயில் நிலைக்கண்ணாடியில் பட்டு, சலூனின் கூரையில் தண்ணீர்போல ஆடுகிறது. பவுடர் டப்பாவுக்கும் சீப்புகளுக்கும் நடுவே இருக்கிற சின்ன ஸ்பீக்கரில் இன்று வெளியான ஆல்பம் ஓடுகிறது. இத்தனை காலம் கிடாரைக் கதறவிட்ட, கடைக்காரரும் மச்சானும் கொண்டாடுகிற ராக் நாயகன், இதில் முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு இசை எழுதியிருக்கிறான். கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தி உட்கார்ந்திருக்கிறார், கடைக்காரருடைய மனைவியின் அண்ணன். “டிரம்ஸ் எங்க மாப்ள? லிஃப்டுக்குள்ள போடுற பாட்டு மாதிரி இருக்கு.” “பொறுங்க மச்சான், இப்பதானே ஆரம்பிக்கிறான்.” “ஆரம்பிக்கல. நம்மள விட்டுட்டுப் போயிட்டான்.” அவனுடைய ராக் குழுவின் ஏழு தட்டுத் தாளத்துக்கே முடி வெட்டிப் பழகியது கடைக்காரரின் கை. இப்போது பிடித்துக்கொள்ளத் தாளம் கிடைக்காமல், கத்திரி வாயைத் திறந்தபடி காதோரம் நிற்கிறது. தலையில் ஒரு பக்கம் முடிந்திருக்கிறது, மறுபக்கம் காடாகவே இருக்கிறது. வயலின்கள் ஏறி ஏறி மெலிகின்றன. அவற்றுக்கு அடியில் ஏதோ கனத்த தந்தி முனகத் தொடங்குகிறது. துணிக்குக் கீழே மச்சானின் செருப்பு நாற்காலியின் கால்பலகையை மெல்லத் தட்டுகிறது. ஐந்து, ஆறு, ஏழு, மறுபடி ஒன்று. கண்ணாடியில் அதைப் பார்த்த கடைக்காரரின் உதட்டில் சிரிப்பு வருகிறது. கத்திரி தானாக அந்தத் தாளத்தில் போய்ச் சேர்ந்துகொள்கிறது. நரைத்த முடி வெள்ளைத் துணியில் பொலபொலவென்று விழுகிறது. “தலைய ஆட்டாதீங்க மச்சான், காது போயிடும்.” மூடிய கண்ணைத் திறக்காமலே அவர் சொல்கிறார்: “நான் எங்க மாப்ள ஆட்டுறேன்? அவன்ல ஆட்டுறான்.”