ஜிம்மியின் பின்னங்கால்

“டாக்டரம்மா, ஜிம்மிக்குக் கால் சரியாயிடுச்சுன்னு அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

மரக்காணம் கால்நடை மருந்தகத்து வாசலில் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்த கணவன் பக்கிரியின் காதில் விழாதபடி, டாக்டர் வினோதினியிடம் கெஞ்சினாள் அம்சவள்ளி.

வினோதினிக்குப் புரியவில்லை. சுனாமி அன்று இடிந்த சுவரில் சிக்கி, பின்னங்கால் எலும்பு முறிந்து வந்த நாய் அது. கட்டுப் பிரித்தபோது கால் சூம்பிக் கிடந்தது. வறுத்த உப்பைத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்கச் சொன்னாள். சைக்கிள் மிதிப்பதுபோல் காலை மடக்கி நீட்டச் சொன்னாள். உடம்பின் பாரத்தைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும், தினமும் கடலோரத்தில் நடக்க விடுங்கள் என்றாள். பக்கிரி ஒன்று விடாமல் செய்தான். பெற்ற பிள்ளைக்குக்கூட ஒருவன் இப்படிச் செய்வானா என்று அவளுக்கே ஆச்சரியம்தான்.

“ஏம்மா, சந்தோஷமா சொல்ல வேண்டிய விஷயமாச்சே?”

“எங்க ஊட்டுக்காரரு கடலுக்குப் போறவரும்மா. சுனாமியில அவரு அண்ணனை அலை அடிச்சுட்டுப் போனதுலேர்ந்து கடல் பக்கம் தலை வச்சும் படுக்கல. உப்பளத்துல கூலிக்கு உப்பு வாரிக்கிட்டு இருக்காரு. நாய்க்கோசரம்தான் இப்ப தண்ணியில கால வைக்கிறாரு.”

“சரி.”

“அடுத்த மாசம் குப்பத்துக்கு மீன் புடிக்கப் புது போட்டு வருது. அதுல அவருக்கும் ஒரு இடம் இருக்குது. முதல் நாளு ஏறலன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. அது வரைக்கும் ஜிம்மிக்குக் கால் சரியாவக் கூடாது.”

“எனக்குப் பொய் சொல்ல வராது அம்சவள்ளி.”

“நீங்க பாதி சொன்னாப் போதும். மீதிய ஜிம்மி பாத்துக்கும். அது அவரு எதிர்ல மட்டும்தான் நொண்டுது.”

சுவரில் ஓடிய பல்லியைப் பிடிக்க, ஜிம்மி பின்னங்கால் இரண்டிலும் நின்று எம்பிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பக்கிரி உள்ளே வந்தான்.

“வாடா ஜிம்மி,” என்று தொடையில் தட்டினான்.

சட்டென்று வலது பின்னங்கால் மேலே போனது. மூன்று காலில் நொண்டி நொண்டி அவனிடம் போய், சட்டைப் பையில் மூக்கை வைத்து முகர்ந்தது. வலி விட்ட பிறகும் பழக்கத்தில் நொண்டும் நாய்களை வினோதினி பார்த்திருக்கிறாள். ஆள் பார்த்து நொண்டும் நாயை இப்போதுதான் பார்க்கிறாள்.

“பாவம், இன்னும் ஊன மாட்டேங்குது டாக்டரம்மா,” என்றான் பக்கிரி. அறை முழுக்கக் கருவாட்டு வாசம்.

“எவ்வளவு தண்ணியில விடுறீங்க?”

“கணுக்கால் அளவு.”

“பத்தாது. உங்க முழங்கால் வரைக்கும் இறங்குங்க. அது நீந்தணும்.” தனக்கு இவ்வளவு சரளமாகப் பொய் வருமென்று வினோதினிக்கே தெரியாது.

பக்கிரி ஜிம்மியின் முதுகைத் தடவினான். “இது ரொம்பப் பயப்படுதும்மா. அலையப் பாத்தா நடுங்குது.”

நடுங்குவது யார் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். ஜிம்மிக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

“மாரோட அணைச்சுக்கிட்டு இறங்குங்க. நடுக்கம் நின்னதும் கீழ விடுங்க,” என்றாள் டாக்டர்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். வினோதினி வாரம் ஒரு பொய் சொல்லி ஒரு மனிதனைக் கடலில் இறக்கினாள். முழங்கால் இடுப்பாயிற்று. இடுப்பு மார்பாயிற்று. “கழுத்தளவுல நின்னாரும்மா” என்று ஒரு நாள் அம்சவள்ளி ஓடி வந்து சொன்னபோது இருவரும் அழுதுவிட்டார்கள். உள்ளுக்குள் இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு தினமும் கடலில் இறங்குகிறவனை நினைத்தால் வினோதினிக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

புது போட்டு இறங்கும் நாளில் அவளும் அவர்களுடைய எக்கியார்குப்பத்துக்குப் போனாள்.

போட்டுக்கு மாலை போட்டுக் கற்பூரம் காட்டியாயிற்று. மற்றவர்கள் ஏறிவிட்டார்கள். பக்கிரி மட்டும் போட்டின் விளிம்பைப் பிடித்தபடி மணலில் நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை. பக்கத்தில் ஜிம்மி, காலைத் தூக்கியபடி.

“ஏம்பா, வர்றியா இல்லியா?” என்றார் போட்டுக்குள் இருந்த கூட்டாளி தட்சணாமூர்த்தி. “நேரமாவுதில்ல?”

அப்போதுதான் ஒரு காக்கை தாழப் பறந்து வந்து, கரையில் கிடந்த மீனைக் கொத்திக்கொண்டு போனது. அவ்வளவுதான். ஜிம்மி எல்லாவற்றையும் மறந்தது. நாலு காலையும் ஊன்றி, மணல் பறக்க, குப்பத்து ஜனம் மொத்தமும் பார்க்கக் கரை நெடுக ஓடியது.

அம்சவள்ளி டாக்டரின் கையை இறுகப் பிடித்தாள். “போச்சும்மா. குட்டு உடைஞ்சிடுச்சு. இனிமே அவரு எங்க ஏறப் போறாரு.”

பக்கிரி ஓடும் நாயையே பார்த்தான். பிறகு மூச்சை இழுத்துப் பிடித்து, ஒரே தாவில் போட்டுக்குள் ஏறினான். அங்கே நின்றபடி தொடையில் தட்டினான்.

தூரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஜிம்மி நின்றது. வலது பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு, மூன்று காலில் நொண்டி நொண்டிப் போட்டருகே வந்து வாயைத் திறந்தது. பக்கிரி சட்டைப் பையிலிருந்து ஒரு நெத்திலிக் கருவாட்டை எடுத்து அதில் போட்டான்.

“கால் சரியானப்புறம்தான் டாக்டரம்மா, இதுக்கு நொண்டவே கத்துக் குடுத்தேன்,” என்றான். “கடலுக்குப் போறவன் நாயோட சாக்கு இல்லாம கணுக்கால் தண்ணியில நின்னு நடுங்குனா, குப்பமே சிரிக்காதா?”