மூன்று கிலோ

அந்த ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் இருந்தவர்கள் மூவர்: எடை மெஷின் அருகே நாற்காலியில் நோட்டுடன் நான், எதிரே பாயில் என் மனைவி செண்பகவல்லி, அவள் மடியில் மகள் விட்டுப்போன பூனை ஜமீன். "அது இளைக்கலைன்னா நானே வந்து தூக்கிட்டுப் போயிடுவேன்" என்று மகள் எழுதியிருந்தாள். ஆகவே எட்டு வாரமாக அதற்கு அரை வயிற்றுச் சாப்பாடுதான். ஜமீன் மெஷினில் தனியாக நிற்காது. செண்பகம் அதைத் தூக்கிக்கொண்டு ஏறுவாள். முதல் நாள் பார்த்த அவள் எடை ஐம்பத்தாறை நான் கழித்துக்கொள்வேன். முதல் வாரம் அறுபத்தைந்து காட்டிய முள் அன்று அறுபத்திரண்டில் நின்றது. பூனை மூன்று கிலோ இளைத்துவிட்டது என்று நான் எழுதப் போனபோது, அது அவள் கையிலிருந்து குதித்துவிட்டது. முள் ஐம்பத்திரண்டுக்கு இறங்கியது. ஒன்பது கிலோவாக இருந்த பூனை இப்போது பத்து.

"உன் சோத்தையெல்லாம் அதுக்கா போட்டே?"

"தட்டு முன்னால உக்காந்து பாக்குதுங்க. எனக்கு எப்படி எறங்கும்? நீங்க கழிக்கிறதுலயே இருங்க." பிறகு மெல்ல, "அவளுக்கு எழுதிடாதீங்க" என்றாள்.

'மொத்தத்தில் மூன்று கிலோ குறைந்திருக்கிறது' என்று எழுதி உறையை ஒட்டினேன். தானே தபால் பெட்டியில் போடுவதாக வாங்கிக்கொண்டு என்னோடு வந்தாள். கையை உயர்த்தியபோது அவள் வளையல்கள் முழங்கைவரை சரிந்தன.