நூற்றுப் பதினெட்டாம் பக்கம்

"எந்த மடையன் செஞ்ச வேலை இது?"

மியோங்ஜா புத்தகத்தை மேசையில் போட்ட வேகத்தில் நூலகர் போராவின் பார்லி டீ தளும்பியது.

அது ஒரு சிறுவர் நாவல். அட்டையில் பரிசு பெற்றதற்கான தங்க நிற வட்டம். முதல் பக்கத்தில் பென்சிலால் கொட்டை எழுத்தில், 'அம்மா சாவது 118-ம் பக்கம்.'

"ஐயோ, மறுபடியுமாம்மா?"

"இதோட ஒன்பதாவது. நாய் சாவது 76. அண்ணன் சாவது 203. யாரு இவன், எமனோட ஆபீஸ்ல வேலை பாக்கறவனா?"

தபால் நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் மியோங்ஜா. பரிசு வாங்கிய சிறுவர் நாவல் என்றால் உயிர். "பேரனுக்கா?" என்று கேட்பவர்களிடம், "எனக்குத்தான். கல்யாணமே பண்ணிக்கலை, பேரன் எங்கேருந்து வருவான்?" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்வாள்.

பரிசு வாங்கிய கதை என்றால் யாராவது ஒருவர் செத்தே தீர வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. யார், எப்போது என்று தெரியாமல் நெஞ்சு பதறப் படிப்பதில்தான் சுகம். அதில்தான் எவனோ மண்ணைப் போட்டுக்கொண்டிருந்தான்.

"யாரு எடுத்துட்டுப் போனாங்கன்னு கம்ப்யூட்டர்ல பாரேன்."

"அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா. நீங்கதான் ரெண்டு மாசமா எல்லாத்தையும் அழிச்சுச் சுத்தம் பண்றீங்களே. அதுக்குத்தானே பேட்ஜ் குடுத்தோம்."

மியோங்ஜா தன் நெஞ்சில் இருந்த பேட்ஜைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். 'சுத்தமான புத்தகத் தோழி.' கொரியாவின் குன்சான் ஊரிலேயே அதைக் குத்திக்கொண்டு திரிபவள் அவள் ஒருத்திதான். பையிலிருந்து ரப்பரை எடுத்து, நூற்றுப் பதினெட்டை அங்கேயே தேய்த்து ஊதிவிட்டாள்.

"என்னைக்காவது கையில சிக்குவான். அன்னைக்கு இருக்கு அவனுக்கு."

அடுத்த சனிக்கிழமை காலையிலேயே சிக்கினான்.

சிறுவர் அறையில், பரிசுப் புத்தக அலமாரியின் கீழே, முழங்கால் முகவாயில் இடிக்க ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது இருக்கும். பஸ் டிரைவர் சீருடை, காலுறையில் ஓட்டை. மடியில் புத்தகம், கையில் பென்சில். முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தான்.

மியோங்ஜா செருப்பைக் கழற்றி வீசிவிட்டு உள்ளே பாய்ந்தாள்.

"என்னய்யா பண்றே? இது உன் அப்பன் வீட்டுப் புத்தகமா? கதை யாருக்காக எழுதியிருக்கு, உனக்கு மட்டுமா? முடிவை இப்படிப் போட்டு உடைக்கிறியே, வெக்கமா இல்லை?"

அவன் பதறி எழுந்தான். நாற்காலியும் அவனோடு சேர்ந்து எழுந்தது.

"அம்மா, தப்புதாம்மா. கொஞ்சம் மெதுவா. அங்கே என் பொண்ணு இருக்கா."

குளிருக்காகச் சூடேற்றியிருந்த தரையில் குப்புறப் படுத்து ஒரு சிறுமி படித்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வயதுக்கு மேல் இருக்காது.

"பொண்ணை வேற பக்கத்துல வெச்சுக்கிட்டா இந்தக் காரியம்?"

"அவளுக்காகத்தாம்மா." அவன் குரல் இறங்கியது. "அவ அம்மா ஒரு வருஷம் புத்துநோயில கிடந்தா. குழந்தைக்கு எதுக்குன்னு வீடே சேர்ந்து மறைச்சுட்டோம். சாதாரண வயித்து வலின்னு சொன்னோம். எல்லாம் முடிஞ்சப்புறம்தான் அவளுக்குத் தெரியும். 'எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் ஏம்ப்பா முன்னாடியே சொல்லலை?'ன்னு கேட்டா."

மியோங்ஜா அந்தச் சிறுமியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவ அம்மாவுக்கு இந்தத் தங்க வட்டம் போட்ட புத்தகங்கள்தான் பிடிக்கும். அதனால இவளும் இதையேதான் தேடி எடுக்கறா. ஸ்கூல் விட்டதும் இங்கே வந்துடுவா. நான் அப்போ பஸ்ல இருப்பேன். எந்தப் புத்தகத்தை எடுப்பாளோ தெரியாது. அதான் டிப்போவுல சாப்பாட்டு நேரத்துல நானே ஒண்ணொண்ணா முன்னாடி படிச்சு, எழுதி வெச்சுடறேன். அந்தப் பக்கம் வந்தா மூடி வெச்சுட்டு, நான் வீட்டுக்கு வந்ததும் ரெண்டு பேருமா படிப்போம்."

"இப்பவும் அப்படித்தான் படிக்கிறீங்களா?"

"படிச்சோம். ரெண்டு மாசமா யாரோ அழிச்சுடறாங்க. பென்சில் இல்லைன்னா யாரும் சாக மாட்டாங்கன்னு அர்த்தம், அப்படித்தான் அவளுக்குச் சொல்லி வெச்சிருந்தேன். போன புதன்கிழமை அதை நம்பி நூத்திப் பதினெட்டாம் பக்கத்தைத் தனியா படிச்சிருக்கா. நான் போய்க் கதவைத் திறக்கறேன், 'நீயும் பொய் சொல்லிட்டியாப்பா?'ன்னு கேக்கறா."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகுதான் அவள் நெஞ்சில் இருந்த பேட்ஜைக் கவனித்தான்.

"நீங்க நூலகத்து ஆளா? அழிக்கிறது யாருன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா? சண்டை போட மாட்டேன். நிலைமையை எடுத்துச் சொன்னா அவங்களுக்கும் புரியும்."

மியோங்ஜா பேட்ஜைக் கையால் பொத்திக்கொண்டாள். அந்தக் கையாலேயே அதைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் போட்டாள். திருப்பிக் கொடுக்கக் கொண்டுவந்திருந்த நாவலைத் துணிப்பையிலிருந்து எடுத்தாள். புத்தம் புதியது. அட்டையில் தங்க வட்டம்.

குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, முதல் பக்கத்தைப் பிரித்துக் கையை நீட்டினாள்.

"அந்தப் பென்சிலைக் கொடுங்க. இதுல மாமா சாவது தொண்ணூத்தி நாலாம் பக்கம்."