கையை உயர்த்திய படம்

கபடி இறுதிப் போட்டி முடிய ஒரு நிமிடம் இருந்தது. எதிரணியிலிருந்து பாடி வந்தவரின் விரல் தங்கப்பழத்தின் முழங்காலில் பட்டதை நடுவர் கவனிக்கவில்லை. தங்கப்பழம் தானே கையை உயர்த்திவிட்டு வெளியேறினார். ஒரு புள்ளியில் கோப்பை போனது. அணித்தலைவர் இசக்கிமுத்து அதன்பின் அவரிடம் பேசவே இல்லை.

இருபது ஆண்டுகள் கழித்து, கபடி மன்றத்துச் சுவரில் அணியின் மறக்க முடியாத தருணங்களைப் படங்களாக மாட்டியிருந்தார்கள். கோப்பை வாங்கிய படங்களுக்கு நடுவே, அன்று கையை உயர்த்தி நின்ற தன் படத்தைக் கண்டு தங்கப்பழம் திகைத்தார்.

“நாந்தான் மாட்டச் சொன்னேன்,” என்றார் பின்னால் வந்து நின்ற இசக்கிமுத்து.

“தோத்த படம் எதுக்கு அண்ணாச்சி?”

“ஒம்மேல கோவம் இன்னும் போவலடே. ஆனா நம்ம டீமைப் பத்தி எவன் கேட்டாலும் நான் மொதல்ல சொல்லுதது இதத்தான்.”

தங்கப்பழத்தால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.